ரெனுவாரைப் பார்த்து முகம் பழகுவது: வன்னி வீட்டில் எண்ணெய் வண்ணம்

எண்ணெய் வண்ணத்தில் முகம் பழகுகிறவர் எடுத்த எடுப்பில் ஆளை முன்னால் இருத்திவைத்துத் தொடங்குவது வீண் சிரமம். ஆள் அசைவார், வெயில் நகரும், பத்து மணிக்கு இருந்த கன்னம் பதினொரு மணிக்கு இருக்காது. போட்டோவைப் பார்த்துக் கீறினால் அசைவுத் தொல்லை இல்லை. ஆனால் போன் கமெரா நிழலை எல்லாம் கறுப்பாக அமுக்கிவிடும், நிழலுக்குள் என்ன நிறம் இருந்தது என்று அதில் தேடினாலும் கிடைக்காது. கைதேர்ந்த ஒருவர் ஏற்கெனவே நிறம் கண்டுபிடித்து வைத்த முகத்தைப் பார்த்துக் கீறினால் இரண்டு தொல்லையும் தீரும். பரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் எத்தனையோ ஓவியர்கள் அப்படித்தான் பழகினார்கள். பிரெஞ்சு ஓவியர்கள் மனேயும் டெகாவும் அறிமுகமானதே அங்கேதான், ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் இளவரசி படமொன்றை டெகா பார்த்துக் கீறிக்கொண்டிருந்த நேரத்தில். அவர்கள் காலத்து ஓவியர் பேர்த் மொறிசோவும் லூவரில் பெயர் பதிந்து படங்களைப் பார்த்துக் கீறியவர்.

எந்தப் படத்தை எடுப்பது? இம்பிரஷனிஸ்டுகள், அதாவது மாறும் வெளிச்சத்தை நிறத்தால் பிடிக்கப் பார்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்கள், என்றதும் பலருக்கு மொனேயின் அல்லிக் குளந்தான் ஞாபகம் வரும். முகம் பழக அது உதவாது. அவர்களில் ஒருவரான ரெனுவாரின் 'வாசிக்கும் பெண்' நல்ல தெரிவு. 1874க்கும் 1876க்கும் இடையில் கீறப்பட்டது, ஓவியர் கய்யபொத் 1894இல் விட்டுச்சென்ற சேகரிப்போடு அரசுக்குப் போய், இப்போது பரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 46.5 சென்ரிமீற்றர், அகலம் 38.5. ஒரு முகம், கருமையான உடுப்பு, கழுத்தடியில் வெள்ளைத் துணி, ஒரு புத்தகம். பின்னணியில் இன்னதென்று பெயர் சொல்ல முடியாத தூரிகைத் தடங்கள். கண் இரண்டும் புத்தகத்தைப் பார்த்துத் தாழ்ந்திருப்பதால் கருவிழி, வெண்விழி என்று தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தப் படத்தைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பெண்ணின் முகத்தில் விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கு புத்தகத் தாளில் பட்டுத் திரும்பி எழும்பும் வெளிச்சம். அதனால் நாடிக்குக் கீழும் மூக்குக்கு அடியிலும் இருட்டு இல்லை, சூடான நிறம் இருக்கிறது. இனி ஒரு வன்னி வீட்டு விறாந்தையில் காலை ஒன்பது மணிக்கு ஒருவரை இருத்திப் பாருங்கள். மேலிருந்து வரும் வெளிச்சத்தைத் தகரமோ ஓடோ மறைத்துவிடும். முற்றத்து மண்ணில் விழுந்த வெயில் கீழிருந்து எழும்பி, நாடியின் அடிப்பக்கத்திலும் கண் குழியிலும் கழுத்திலும் செம்மஞ்சளாகப் படியும். ரெனுவாருக்குப் புத்தகத் தாள் செய்த வேலையை இங்கே முற்றம் செய்கிறது. பார்த்துக் கீறும்போது இந்த ஒன்றை மட்டும் கைப்பிடித்துக்கொண்டால் போதும்: நிழல் என்பது ஒரு நிறம். அதைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும், கறுப்புக் கலந்து உண்டாக்கக் கூடாது.

ரெனுவார் இறந்தது 1919இல், ஆகவே உரிமைச் சிக்கல் இல்லை. ஆனாலும் அசல் அளவிலேயே கீறாதீர்கள். லூவரில் பார்த்துக் கீறுகிறவர்களுக்கு, அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ கீற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், போலி என்ற பேச்சுக்கு இடம் வராமல் இருக்க. அந்தக் கணக்கில் பலகையை 36க்கு 30 சென்ரிமீற்றராக வெட்டினால் விகிதமும் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

படத்தை அருங்காட்சியகத்தின் இணையத்தளத்திலிருந்தே எடுங்கள். தேடினால் வரும் மற்றப் பிரதிகள் ஒன்று மஞ்சளாக இருக்கும், இன்னொன்று றோஸாக இருக்கும். இரண்டு பிரதி அச்சிட வேண்டும்: ஏ4 அளவில் நிறத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பி ஒன்று. வேலை நேரத்தில் அதிகம் பார்ப்பது கறுப்பு வெள்ளைப் பிரதியைத்தான். போன் திரை உள்ளிருந்து ஒளிர்வது, அதன் வெளிச்சத்தை வண்ணத்தால் எட்ட முடியாது. திரையைப் பார்த்தே கீறுகிறவர்கள் வெள்ளையை அள்ளி அள்ளிப் போட்டு முகத்தைச் சுண்ணாம்பாக்குவது இதனால்தான். நிறத்தைப் பார்க்கத் திரை, வெளிச்சத்தின் அளவைப் பார்க்கத் தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அச்சில் தெரியும் நிறம் ரெனுவார் வைத்த நிறந்தானா என்பதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். அவருடைய 1883ஆம் ஆண்டு 'மதாம் கிளப்பிசோன்' படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது, சட்டம் மூடியிருந்த ஓரத்தில் மட்டும் பின்னணி பளீரென்ற சிவப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு அது. வன்னி வெயிலில் இந்தப் பாடம் நேரடியாக உதவும். ரியூப்பின் பின்பக்கத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். பி.ஆர் 83 என்று போட்டிருந்தால் அது பழைய அலிசரின் சிவப்பு, வெளுக்கும். அதற்குப் பதிலாக பி.வி 19 என்று போட்ட றோஸை வாங்குங்கள்.

நிறங்கள் அதிகம் தேவையில்லை. ரெனுவாரின் 1875ஆம் ஆண்டுப் படகுப் படமொன்றை லண்டன் நாஷனல் கலரியில் ஆராய்ந்தபோது ஈய வெள்ளை, குரோம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, ஒரு லேக் சிவப்பு (சாயத்திலிருந்து செய்த நிறமி), கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களே இருந்தன. கறுப்பும் இல்லை, மண் நிறங்களும் இல்லை. இதை வைத்து ரெனுவார் கறுப்பைத் தொடவே மாட்டார் என்று கதை கட்டுகிறார்கள். 1874இல் கீறிய 'நாடகக் கொட்டகை மாடம்' படத்தில் பெண்ணின் உடுப்பில் கட்டைக் கட்டையாகக் கறுப்புக் கோடுகள் இருக்கின்றன. கறுப்பைக் கையாளத் தெரிந்தவர் அவர். பழகுகிறவர் அதை ஒதுக்கி வைப்பது வேறு காரணத்துக்காக: வண்ணப் பெட்டியில் கறுப்பு இருந்தால் கை தானாக அதற்குத்தான் போகும்.

இன்றைய கடையில் இதற்கு ஈடாக வாங்க வேண்டியவை: டைற்றேனியம் வெள்ளை, கட்மியம் மஞ்சள், கட்மியம் சிவப்பு (லைற்), பி.வி 19 றோஸ், அல்ட்ராமரின் நீலம், விரிடியன். கோபால்ட் நீலம் விலை கூடியது, அல்ட்ராமரின் போதும். அது கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயும், அதனால் றோஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் 12 மில்லிலீற்றர் ரியூப் என்றால் வெள்ளை 37 மில்லிலீற்றராவது வேண்டும். வெள்ளையைச் சின்ன ரியூப்பாக வாங்கினால் பாதியில் தீர்ந்துபோய், மிஞ்சியதை இழுத்துப் பூசி முகம் மெலிந்துவிடும். மலிவான பெட்டிகளில் வெள்ளை என்று சிங்க் வெள்ளையைப் போட்டிருப்பார்கள். எண்ணெயில் அது காலப்போக்கில் இறுகி நொறுங்கும், ஆகவே ரியூப்பைத் திருப்பிக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்: பி.டபிள்யூ 6 டைற்றேனியம், பி.டபிள்யூ 4 சிங்க். ஈய வெள்ளை நஞ்சு, தேடிப் போகாதீர்கள்.

எண்ணெய் விசயத்தில் நடக்கும் பிழைகள்தான் கூட. எண்ணெய் வண்ணம் காய்வது தண்ணீர் ஆவியாவதுபோல அல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. அப்படி இறுகும் எண்ணெய் சிலதுதான், அவற்றில் முதலாவது ஆளி விதை எண்ணெய். தேங்காயெண்ணெய் ஒருபோதும் இறுகாது. நல்லெண்ணெயும் சரியாக இறுகாது, வருடக்கணக்கில் பிசுபிசுக்கும். வண்ணம் தடிப்பாக இருக்கிறதென்று குசினியிலிருந்து இரண்டு சொட்டு விட்டால் அந்தப் படம் கதை முடிந்தது. ஹாட்வெயார் கடையில் மரத்துக்குப் பூச விற்கும் காய்ச்சிய ஆளி எண்ணெயும் வேண்டாம், உலர்த்திகள் கலந்தது, சீக்கிரம் மஞ்சளாகும். ஓவியத்துக்கென்று சுத்திகரித்த ஆளி எண்ணெய் 75 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று பல மாதத்துக்கு வரும். மண்ணெண்ணெயை வண்ணத்துக்குள் விடாதீர்கள், நெய்ப்பு மிஞ்சும். டர்ப்பன்டைனை முதல் பூச்சுக்கு மட்டும், அதுவும் யன்னல் திறந்திருக்கும்போது.

தேங்காயெண்ணெய்க்கு ஓரிடம் உண்டு: தூரிகை கழுவ. வேலை முடிந்ததும் பேப்பரில் துடைத்து, தேங்காயெண்ணெயில் நனைத்துத் திருப்பித் துடைத்து, பிறகு உடுப்புச் சவர்க்காரத்தை உள்ளங்கையில் தேய்த்து நுரை வெள்ளையாக வரும்வரை கழுவ வேண்டும். எண்ணெய் துளியும் தங்கக் கூடாது. டர்ப்பன்டைனில் மட்டும் அலசி வைத்தால் மயிர் முறிந்து போகும்.

ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடைக்குள் போடாதீர்கள். இறுகும்போது அது சூடாகும், சுருண்டிருந்தால் சூடு வெளியேறாமல் தானாகத் தீப்பற்றும். கிடுகு வேய்ந்த கொட்டிலில் இது விளையாட்டு இல்லை. வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது பால்மாப் பேணியில் தண்ணீர் விட்டு அதற்குள் அமிழ்த்தி மூடி வையுங்கள்.

பலகைக்கு ஹாட்போட் போதும். வழுவழுப்பான பக்கத்தை 120ஆம் இலக்க மண்கடதாசியால் தேய்த்து, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து இரண்டு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். பிறகு அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மெல்லியதாக மூன்று தரம், ஒவ்வொன்றும் காய்ந்தபின் குறுக்குமறுக்காக. கடைசிப் பூச்சில் ஒரு துளி மண்ணிற அக்ரிலிக் கலந்து வெளிறிய சாம்பல் மஞ்சளாக்கினால் வெள்ளைத்தளத்தின் கண்கூச்சம் போகும். சுவர் இமல்ஷன் பயிற்சிக்கு மட்டும் பரவாயில்லை. எனமல் பூசிய பலகையில் எண்ணெய் வண்ணம் பிடிக்காமல் பிறகு உரியும். மாரியில் ஹாட்போட்டை நிலத்தோடு சாத்தி வைத்தால் கறையான் முதலில் வந்துவிடும்.

வேலை செய்யும் இடத்துக்கு வடக்குப் பக்க யன்னல்தான் உகந்தது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். அங்கே சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்து நிற்பதால் அது பொருந்தும். வன்னி கிடப்பது வடக்கு அகலாங்கு 9 பாகை அளவில். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டு, ஓகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கமாகவே போய்வரும். அந்த நாலரை மாதமும் காலையிலும் பின்னேரத்திலும் வடக்கு யன்னலுக்குள் வெயில் சரிந்து விழும். அப்போது தெற்கு யன்னலுக்கு மாறுங்கள், செப்ரெம்பரில் திரும்ப வடக்குக்கு வாருங்கள். எந்த யன்னலானாலும் பழைய வெள்ளை வேட்டித் துண்டை ஒற்றையாகக் கட்டிவிட்டால் வெளிச்சம் பரவலாகும். கடும் பச்சை, றோஸ் பூசிய சுவர் பக்கத்தில் இருந்தால் அந்த நிறம் கலவைத் தட்டிலும் படும். ஒரு வெள்ளைச் சீலையைச் சுவரில் தொங்கவிட்டால் சரி.

இனிக் கீறல். அச்சுப் பிரதியிலும் பலகையிலும் நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டம் போடுங்கள். கரித்துண்டால் தலை, தோள், புத்தகம் மூன்றின் இடத்தையும் குறித்தபின் முகத்துக்குள் கட்டத்தை நம்பாதீர்கள், சாய்வை அளக்க வேண்டும். அதற்கு ஒரு தென்னை ஈர்க்குப் போதும். பிரதியில் இரண்டு கண் மடலையும் தொட்டபடி ஈர்க்கை வைத்து, அந்தச் சாய்வு மாறாமல் பலகைக்குக் கொண்டுபோங்கள். வாய்க்கும் அப்படியே. தலை குனிந்திருக்கும்போது இந்த இரண்டு சாய்வும் ஏறக்குறைய ஒன்றாக ஓடும். பழகுகிறவர் கை தெரியாமலே வாயை மட்டும் நேராக்கிவிடும். முகம் "ஏதோ பிழை, என்னவென்று தெரியவில்லை" என்ற நிலைக்கு வந்தால் பத்தில் எட்டுத்தரம் இதுதான். இன்னும் பிடிபடாவிட்டால் பலகையையும் பிரதியையும் தலைகீழாக வைத்துப் பார்க்கலாம்.

கரிக்கோட்டை அப்படியே விட்டு வண்ணம் பூசினால் கரித்தூள் கலந்து தோல் நிறம் அழுக்காகும். துணியால் தட்டிவிட்டு, மங்கலாகத் தெரியும் கோட்டின்மேல் டர்ப்பன்டைனில் கரைத்த அல்ட்ராமரினால் திரும்பக் கீறுங்கள். நீலக் கோடு பிறகு நிழலுக்குள் கரைந்துபோகும்.

அடுத்தது மெல்லிய பூச்சு. 8ஆம் இலக்கத் தட்டைத் தூரிகை, அல்லது சுவர்ப் பூச்சுக்கடையில் வாங்கும் ஒரு அங்குலப் பன்றிமயிர்த் தூரிகை. வண்ணத்தை டர்ப்பன்டைனில் தேநீர்போல இளக்கி, உடுப்பையும் தலைமயிரையும் பின்னணியையும் மூன்று பெரிய துண்டாகத் தேய்த்துவிடுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எது இருட்டு, எது நடு, எது வெளிச்சம் என்று பிரியும். உடுப்பின் கருமைக்கு அல்ட்ராமரினும் விரிடியனும் றோஸும் சேர்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு வரும், ஆனால் உயிருள்ள கறுப்பு. முகத்தை இன்னும் தொடவே கூடாது. பள்ளிக்கூடத்துச் சித்திரப் பாடத்தில் நீர்வண்ணம் பழகி வந்தவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். அதில் தாளின் வெள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு இளம் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குப் போவார்கள். எண்ணெயில் கடும் நிறத்தை மெலிதாக முதலில் வைத்து, வெளிச்சத்தைத் தடிப்பாகக் கடைசியில் வைப்பது. மெலிந்தது கீழே, எண்ணெய் கூடியது மேலே. மாற்றிப் போட்டால் கீழ்ப்படை பின்னால் காய்ந்து சுருங்கி மேல்படையை வெடிக்க வைக்கும்.

முகத்துக்கு உட்காருமுன் கலவைகளைக் கத்தியால் செய்து வரிசையாக வைத்துவிட வேண்டும். தூரிகையால் கலந்துகொண்டே பூசினால் நாலாவது தொடுகையில் சேறாகும். வெளிச்சக் கலவை: வெள்ளை ஆறு பங்கு, மஞ்சள் ஒன்று, கட்மியம் சிவப்பு அரை. இடைக் கலவை: அதே கலவையில் பாதியை எடுத்து றோஸ் கொஞ்சமும் விரிடியன் ஊசிமுனை அளவும். நிழல் கலவை: றோஸும் விரிடியனும் சமமாகச் சேர்த்தால் ஒரு சாம்பல் பிறக்கும், அதற்கு வெள்ளையும் மஞ்சளும் விட்டு எடுங்கள். றோஸ் கூடினால் ஊதாப் பக்கம் சாயும், விரிடியன் கூடினால் பச்சைப் பக்கம். இந்தச் சாம்பலுக்குள் முகத்தின் பாதி நிறங்கள் ஒளிந்திருக்கின்றன. கடைசியாகத் திரும்பும் வெளிச்சத்துக்கு: கட்மியம் சிவப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றும், செம்மஞ்சளாக. ரியூப்புக்கு ரியூப் வீரியம் வேறு என்பதால் பங்குக் கணக்கைத் தொடக்கமாக மட்டும் எடுங்கள். டைற்றேனியம் மற்றதை விழுங்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

பூசும்போது நிழலில் தொடங்குங்கள். நிழலை மெலிதாக வைத்து, இடைக் கலவையை அதன் ஓரத்தில் தொட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் கொஞ்சம் தடிப்பாக. ஒரு தடம் வைத்தால் தூரிகையைத் தூக்குங்கள். வைத்த தடத்துக்குத் திரும்பப் போய்த் தடவுவதுதான் முகத்தைக் கெடுக்கும் பெரிய பழக்கம். இருட்டுக்கு ஒரு தூரிகை, வெளிச்சத்துக்கு ஒரு தூரிகை, இரண்டையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு மூன்று நாலு தடத்துக்கும் பேப்பரில் துடையுங்கள்.

நாடியின் அடிப்பக்கத்துக்கு வரும்போது நிதானியுங்கள். முதலில் நிழல் கலவை. அது ஈரமாக இருக்கும்போதே செம்மஞ்சள் கலவையை ஒரே தடமாக, நாடியின் வளைவோடு இழுத்து விடுங்கள். இரண்டும் தொடும் இடத்தில் தாமாகக் கலக்கும். வைத்ததும் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். திரும்பும் வெளிச்சம் நேர் வெளிச்சத்தைவிட ஒரு படியாவது கீழே நிற்க வேண்டும். சமமாகிவிட்டால் நாடி கழன்று முன்னுக்கு வந்து தொங்கும். நிறத்தால் பளிச்சென்று, வெளிச்சத்தால் அடங்கி இருப்பதுதான் இதன் சூட்சுமம்.

உதட்டில் மேலுதடு பெரும்பாலும் ஒரு படி கருமை, மேல்நோக்கித் திரும்பிய கீழுதடு வெளிச்சம். இரண்டுக்கும் இடையிலான கோட்டைக் கறுப்பாலோ மண்ணிறத்தாலோ கீறாதீர்கள், றோஸும் விரிடியனும் போதும், அதுவும் நடுவில் மட்டும். ஓரத்துக்குப் போகும்போது கோடு மறைய வேண்டும். கழுத்துத் துணியில் வெள்ளையாக இருப்பது இரண்டு மூன்று தொடுகை மட்டுமே, மற்றதெல்லாம் நீலச் சாம்பல்.

தலைமயிரும் பின்னணியும் சந்திக்கும் கோடு இன்னொரு கண்டம். பெயர்ப்பலகை எழுதிப் பழகியவர்களுக்கும் பள்ளிச் சித்திரக்காரருக்கும் விளிம்பைச் சுற்றிக் கோடு போடுவது கைவந்த பழக்கம். ரெனுவாரிடம் விளிம்பு ஓரிடத்தில் தெரியும், அடுத்த விரற்கடையில் காணாமல் போகும். இரண்டு பக்கமும் ஈரமாக இருக்கும்போது, வண்ணமில்லாத காய்ந்த தூரிகையால் விளிம்பைக் குறுக்கே ஒருதரம் இலேசாக இழுத்துவிட்டால் அது வரும். எல்லா இடத்திலும் இழுத்தால் தலை புகைக்குள் போய்விடும். முகத்துக்குக் கிட்டவுள்ள விளிம்பைக் கூர்மையாக விட்டு, பின்னந்தலையைக் கரைக்கலாம்.

சேறாகிவிட்டதா? மேலே பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். கத்தியால் சுரண்டி எடுங்கள். அல்லது பழைய பேப்பரை அந்த இடத்தில் விரித்து உள்ளங்கையால் அழுத்தி உரித்தால் மேல் வண்ணம் தாளோடு வரும், அடியில் மங்கலான உருவம் மிஞ்சும். அந்த மிச்சத்தின்மேல் திரும்பத் தொடங்குவது, முதல் தொடக்கத்தைவிட நல்லாக வருவதுண்டு.

இனி இந்தப் பாடத்தை எங்கள் முகத்துக்குக் கொண்டுவருவது. ரெனுவாரின் கலவையை எடுத்துக் கருமையாக்கினால் எங்கள் தோல் வராது. வெள்ளை மிகுந்த கலவைக்குள் மண்ணிறத்தை ஊற்றினால் சாம்பல் பூத்த முகமாகிவிடும், டைற்றேனியம் நிறத்தின் சூட்டை உறிஞ்சிவிடும். இங்கே இரண்டு ரியூப்பைச் சேருங்கள்: பேர்ன்ற் சியென்னா, மஞ்சள் ஓக்கர். வெளிச்சப் பகுதிக்குச் சியென்னா மூன்று, ஓக்கர் இரண்டு, கட்மியம் சிவப்பு கால். இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் முதலில் ஓக்கர், பிறகு மஞ்சள், கடைசியாகத்தான் வெள்ளை. நிழலுக்குச் சியென்னா, அல்ட்ராமரின், றோஸ். முற்றத்திலிருந்து எழும்பும் வெளிச்சத்துக்குச் சியென்னாவும் கட்மியம் சிவப்பும் மஞ்சளும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வியர்வை மினுங்கும் இடத்துக்கு மட்டும் வெள்ளையில் நீலம் துளி விட்டு, சின்னதாக, கூர்மையாக. அது வானத்தின் நிறம். கருமையான தோலில் அந்த மினுக்கம் வெளிறிய தோலைவிடத் தெளிவாக நிற்கும், ஆகவே இடம் தவறினால் முகத்தின் வடிவே மாறும்.

திருநீற்றை ரியூப்பிலிருந்து வரும் வெள்ளையால் பூசுவது எல்லாரும் செய்கிறது. விறாந்தை நிழலில் இருக்கும் நெற்றியில் திருநீறு நீலச் சாம்பல். வெயில் பட்ட கன்னத்தைவிட அது பிரகாசமாக இருக்காது. நெற்றி வண்ணம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்தபின், காய்ந்த தூரிகையால் மூன்று விரல் தடமாக இழுத்தால் இடையிடையே தோல் தெரியும். குங்குமப் பொட்டு அதற்கும் பிறகு.

வன்னியில் முகம் கீறத் தெரிந்தவரிடம் வரும் வேலையில் கணிசமானது இறந்தவர்களின் படம். கொண்டுவந்து தருவது பெரும்பாலும் அடையாள அட்டைப் படம், அல்லது கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில் ஒரு மூலையில் நகத்தளவு முகம். நேரே அடித்த பிளாஷில் நிழல் எதுவுமே இருக்காது. அதைப் பெருப்பித்து, கற்பனையில் ஒரு பக்கம் கறுப்பு அடித்தால் யாரோ ஒருவர் வருவார், அவர் வரமாட்டார். படத்திலிருந்து எடுக்க வேண்டியது அளவுகளை மட்டும்: கண்ணிடை, மூக்கு நீளம், வாயகலம், காது தொடங்கும் இடம். நிறத்துக்கும் நிழலுக்கும் மகனையோ தங்கையையோ தாயையோ விறாந்தையில் அரைமணி நேரம் இருத்தி, முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று சின்னப் பலகையில் ஒரு வண்ணக் குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் நிறம், கன்ன எலும்பு, இமையின் தடிப்பு குடும்பத்தில் ஓடும்.

"தம்பி, ஆளைக் கொஞ்சம் வெள்ளையாக் கீறிவிடுங்கோ" என்று அம்மாமார் கேட்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். பின்னணியை மாற்றினால் காரியம் நடக்கும். பக்கத்தில் என்ன நிறம் நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நிறம் கண்ணுக்குத் தள்ளித் தெரியும் என்று பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ருல் 1839இல் எழுதியதை வைத்துத்தான் இம்பிரஷனிஸ்டுகளும் வேலை செய்தார்கள். முகத்துக்குப் பின்னால் வெள்ளையோ வெளிர் நீலமோ போட்டால் முகம் கறுத்துப் போகும். முகத்தைவிட ஒரு படி கருமையான நீலப்பச்சைச் சாம்பலைப் போட்டால் அதே சியென்னா பொன்போல எழும்பும். அம்மாவும் சரி என்பார், ஆளும் ஆளாகவே இருப்பார்.

காய வைப்பதில் காலநிலையைக் கணக்கெடுக்க வேண்டும். கோடையில் மெல்லிய பூச்சு இரண்டு மூன்று நாளில் தொடும் பதத்துக்கு வரும், டைற்றேனியம் தடிப்பாக வைத்த இடம் ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரியில் அதைவிட நன்றாகப் பிந்தும். சோளகக் காற்று நாட்களில் செம்மண் தூசி பறந்து ஈர வண்ணத்தில் ஒட்டும், பலகையை முகம் உட்பக்கமாகச் சாய்த்து வைத்தால் பெரும்பகுதி தப்பும். மழை விட்ட இரவில் லைற்றைப் போட்டுக்கொண்டு கீறினால் ஈசல் வந்து கன்னத்தில் ஒட்டும். கையால் எடுக்கப் போகாதீர்கள், இறகு இழுபட்டு வண்ணமும் வரும். காய்ந்தபின் ஊசியால் தட்டினால் சுத்தமாக விழும். அலுமாரிக்குள் மூடிவைத்துக் காயவிட்டால் ஆளி எண்ணெய் மஞ்சளாகும். நேர் வெயில் படாத வெளிச்சமான சுவர்தான் தேவை. வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம், தடிப்பாகப் பூசியிருந்தால் ஒரு வருடம்.

ரெனுவாரைப் பார்த்துக் கீறிய பலகையின் பின்பக்கத்தில் "ரெனுவாரின் படத்தைப் பார்த்துக் கீறியது" என்றும் திகதியும் எழுதிவிடுங்கள். முன்பக்கத்தில் அவர் கையெழுத்தைப் போடக் கூடாது. அடுத்ததாக எடுக்க மொறிசோவின் 1872ஆம் ஆண்டுத் 'தொட்டில்' நல்லது: 56 சென்ரிமீற்றர் உயரம், மெல்லிய வெள்ளைத் திரைக்குள்ளால் தெரியும் குழந்தை முகம்.

வீட்டுக்காரருக்குப் படத்தைக் கொடுக்கும்போது இரண்டு விசயம் சொல்லிவிட வேண்டும். சாமி அறையில் விளக்குக்கு நேரே மேலே மாட்டினால் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் படிந்து ஒரு வருடத்தில் நெற்றி கறுக்கும், ஒரு முழமாவது தள்ளி மாட்டச் சொல்லுங்கள். ஈரப் பூமாலை வண்ணத்தைத் தொட்டபடி கிடந்தால் அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் மேல் மூலை இரண்டிலும் அரை அங்குலம் முன்னுக்கு நீட்டிய ஆணி அடித்துக் கொடுத்தால் மாலை படத்தில் படாமல் தொங்கும்.